சைக்கிள் ஷூவுக்குள் வலி: அறிகுறியைப் பார்த்து இன்சோல் தேர்ந்தெடுப்பது எப்படி

க்ளீட் (ஷூவின் அடியில் பொருத்தி, பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு) மாட்டிய ஷூவில் பாதம் எரிந்தாலோ மரத்துப்போனாலோ, பலரும் முதலில் செய்வது ஜெல் வைத்த மெத்தென்ற இன்சோல் ஒன்றை வாங்கி உள்ளே செருகுவதுதான். பெரும்பாலும் அதனால் வலி கூடுகிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் குதிகால் தரையில் மோதும். அந்த அதிர்ச்சியைத் தாங்க மெத்தை வேண்டும். பெடல் மிதிக்கும்போது மோதலே கிடையாது. விசை முழுவதும் முன்பாதம் வழியாக, க்ளீட் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில், நிமிடத்துக்கு 80, 90 தடவை இறங்குகிறது. கார்பனோ நைலானோ, அடித்தட்டு வளைந்துகொடுக்காது. பாதத்தின் உள்வளைவு அந்தத் தட்டுக்கு மேலே எதையும் தொடாமல் நிற்கிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பி, முன்பாதத்தின் பாரத்தில் ஒரு பங்கை வளைவுக்கும் குதிகாலுக்கும் பிரித்துக் கொடுப்பதே நல்ல சைக்கிள் இன்சோலின் வேலை. ஜெல் அதைச் செய்யாது. ஷூவுக்குள் இருக்கிற கொஞ்ச இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

எனவே இன்சோல் தேடும்போது மனதில் வைக்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எனக்கு எவ்வளவு நிரப்பு வேண்டும், அதற்கு ஷூவுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது.

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

ஷூவோடு வந்த இன்சோலை உருவி எடுத்துத் தரையில் வையுங்கள். குதிகாலை அதன் பின் விளிம்போடு பொருத்தி, வெறுங்காலில் முழு எடையும் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பெருவிரல் மூட்டுப் பக்கமோ சுண்டுவிரல் பக்கமோ சதை விளிம்பைத் தாண்டி வழிந்தால் ஷூவின் அகலம் போதவில்லை என்று பொருள். எவ்வளவு விலை கொடுத்து இன்சோல் வாங்கினாலும் இது தீராது. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த கால்களுக்கு முன்பாதம் நன்றாக விரிந்திருக்கும். குறுகலான பந்தய ஷூ அவற்றுக்கு ஒத்துவராது. ஷிமானோ, லேக் போன்ற நிறுவனங்கள் பல மாடல்களில் அகலமான பதிப்பும் செய்கின்றன, அதைத் தேடுங்கள். அகலம் வேண்டி ஒரு சைஸ் நீளமாக வாங்குவது பொதுவான தவறு. நீளம் கூடினால் க்ளீட் துளைகளும் முன்னே தள்ளிப்போகும், முன்பாதத்தின் வேதனை இன்னும் கூடும்.

அடுத்தது க்ளீட். ஷூவை மாட்டிக்கொண்டு, பெருவிரல் அடிமூட்டையும் சுண்டுவிரல் அடிமூட்டையும் வெளியிலிருந்து விரலால் அழுத்திக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். பெடலின் அச்சு அந்த இரு கோடுகளுக்கும் நடுவில் விழ வேண்டும். பெருவிரல் கோட்டுக்கு நேராகவோ அதற்கு முன்னாலோ விழுந்தால், இன்சோலை யோசிக்காமல் முதலில் க்ளீட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஷிமானோ க்ளீட்டுகளின் போல்ட்டுக்கு 4 மி.மீ. ஆலன் கீ, முறுக்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். போல்ட் இழைகளில் ஒரு பொட்டு கிரீஸ் போடுங்கள். வியர்வையும் மழைத்தண்ணீரும் இறங்கி அந்த போல்ட்டுகள் துருப்பிடித்தால் பிறகு கழற்றுவது பெரும்பாடு.

மூன்றாவதாகப் பழைய இன்சோலின் மேற்பரப்பைப் படியுங்கள். அழுத்தம் விழுந்த இடங்கள் குழிந்து கறுத்திருக்கும். முன்பாதத்தில் மட்டும் ஆழமான குழிகள், வளைவுப் பகுதி புத்தம்புதிதாக இருந்தால் பாரம் பகிரப்படவே இல்லை. இன்சோல் மாற்றத்தால் பலன் கிடைக்கக்கூடிய கால் இது.

முன்பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல்

அதிகம் பேர் சொல்லும் தொல்லை இதுதான். முதல் மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு விரல்களுக்குக் கீழே நெருப்புத் துண்டை வைத்ததுபோல ஆரம்பிக்கும். மேடுபள்ளமான சாலையில் எழுந்து மிதிப்பது, இறக்கத்தில் மிதிக்காமல் விடுவது என்று பாதத்துக்கு அவ்வப்போது ஓய்வு கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி சமதளத்தில் அது கிடையாது. ஒரே அழுத்தம், ஒரே இடத்தில், மணிக்கணக்கில். 200 கி.மீ. ப்ரெவேக்கான (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சவாரி) 13.5 மணி நேர வரம்புக்குள் முடிக்க ஓட்டுகிறவர்கள் இதைப் பாதி வழியிலேயே உணர்வார்கள். வெயிலில் பாதம் வீங்குவதும் சேர்ந்துகொள்ளும்.

வலி எங்கே என்பதைத் துல்லியமாகப் பிரியுங்கள். மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முன்பாதத்தின் முழு அகலமும் எரிந்தால், வண்டியை நிறுத்தி முன் ஸ்ட்ராப்பை அல்லது கீழ் போவா டயலை (ஷூவை இறுக்கும் திருகு குமிழ்) மட்டும் தளர்த்துங்கள். சில நிமிடங்களில் அடங்கிவிட்டால் குற்றவாளி இறுக்கம்தான். பெடல் செய்யும்போது ஷூவைப் பிடித்துவைக்க வேண்டியது மேல் ஸ்ட்ராப். முன்புற ஸ்ட்ராப் சும்மா தொட்டுக்கொண்டு இருந்தாலே போதும். தளர்த்தியும் எரிச்சல் அடங்காவிட்டால், க்ளீட்டை 2 அல்லது 3 மி.மீ. பின்னே நகர்த்திப் பாருங்கள். அதன் பிறகுதான் வளைவை நிரப்பும் இன்சோல்.

பெருவிரல் மூட்டுக்கு நேர் கீழே மட்டும் வலித்தால், அங்கே தசைநாணுக்குள் பதிந்திருக்கும் இரண்டு சிறு எலும்புகள் நசுங்குகின்றன. வளைவு உயரமான பாதங்களில் இது கூடுதல், ஏனென்றால் அங்கே பாரம் தாங்கும் பரப்பே குறைவு. உள்வளைவை நன்றாக நிரப்பும் இன்சோல் இங்கே நல்ல பலன் தரும். ஆனால் வளைவின் சரிவு பெருவிரல் மூட்டுக்குப் பின்னாலேயே முடிந்துவிட வேண்டும். மூட்டுக்கு அடியிலும் நீண்டால் வலி இரட்டிப்பாகும்.

மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையே மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்றாலோ, அந்த இரண்டு விரல்கள் மட்டும் மரத்தாலோ, விரலெலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு நெருக்கப்படுகிறது. இங்கே தேவை மெட்டாடார்சல் பொத்தான், அதாவது இன்சோலின் மேல் இருக்கும் சிறு மேடு. எலும்பு முனைகளுக்குப் பின்னாலிருந்து தூக்கிக்கொடுத்து, அவை சற்றே விலக இது வழிசெய்கிறது. ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் பாடி ஜியோமெட்ரி இன்சோல்களில் இது சேர்ந்தே வரும். தனியாக வாங்கி ஒட்டுவதென்றால் சர்ஜிகல் கடைகளில் பின்புறம் பசையுள்ள ஃபெல்ட் அல்லது ஃபோம் பேட் கிடைக்கும். கிடைப்பதில் மெல்லியதைக் கொண்டு தொடங்குங்கள். நடக்கும் ஷூவுக்காகச் செய்த தடித்த பேட் சைக்கிள் ஷூவுக்குள் அடங்காது.

பொத்தானின் வெற்றி முழுக்க அதன் இடத்தில் இருக்கிறது. வலிக்கும் புள்ளியை விரலால் அழுத்திக் கண்டுபிடியுங்கள். அதன்மேல் தண்ணீரில் குழைத்த குங்குமத்தால் ஒரு பொட்டு வையுங்கள். ஈரம் காய்வதற்குள், ஷூவிலிருந்து எடுத்துவைத்த இன்சோலில் குதிகாலைச் சரியாகப் பொருத்தி, பாதத்தை நேராக இறக்கி எடையைப் போட்டு, நேராகத் தூக்குங்கள். பொட்டு இன்சோலில் அச்சாகும். பேடின் முன் விளிம்பு அந்தப் பொட்டிலிருந்து 5 முதல் 10 மி.மீ. குதிகால் பக்கமாக இருக்கும்படி ஒட்டுங்கள். பொட்டின் மேலேயே ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வலிக்கிற எலும்பையே மேலும் அழுத்தியதாகிவிடும். முதலில் காகித டேப்பால் ஒட்டி ஒரு சவாரி ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பசைத்தாளை உரியுங்கள். சரியான இடத்தில் இருந்தால் முதல் சில நிமிடங்களில் ஏதோ இருப்பதாகத் தெரியும், அதன் பின் மறந்துவிடும். கூழாங்கல்போல் உறுத்திக்கொண்டே இருந்தால் இன்னும் 3 மி.மீ. பின்னே.

உள்வளைவில் வலி

இதில் நேர் எதிரான இரண்டு காரணங்கள் ஒரே மாதிரி வலியைத் தருகின்றன. பழைய தட்டையான இன்சோலில் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வளைவு முழுவதும் களைத்து, இழுத்துப் பிடித்தால் தாங்கல் போதவில்லை. புது இன்சோல் போட்ட அரைமணியிலேயே ஒரே புள்ளியில் வலித்து, சாக்ஸைக் கழற்றினால் அங்கே சிவந்த தடம் தெரிந்தால் தாங்கல் அதிகம், அல்லது தவறான இடத்தில் இருக்கிறது.

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதற்கு ஈரக்கால் சோதனையை இருமுறை செய்ய வேண்டும். சிமென்ட் தரையில் உட்கார்ந்தபடி ஒரு தடம், எழுந்து நின்று ஒரு தடம். நின்ற தடத்தை மட்டும் பார்த்துத் தட்டைப் பாதம் என்று முடிவுகட்டுவதால்தான் பலர் தவறான இன்சோல் வாங்குகிறார்கள். இரண்டிலும் உள்வளைவு நன்றாக வெட்டி விழுந்திருந்தால் உயரமான தாங்கல். உட்கார்ந்த தடத்தில் வளைவு இருந்து, நின்றதும் காணாமல் போனால் அது எடையில் சரியும் வளைவு. நடுத்தரத் தாங்கலில் தொடங்குங்கள், உயரமானதற்குத் தாவ வேண்டாம். இரண்டிலும் வளைவே இல்லையென்றால் அந்தப் பாதத்தின் அமைப்பே அப்படி. குறைந்த தாங்கலே ஏற்றது. அதைத் தூக்கி நிறுத்த முயன்றால் வலிதான் மிஞ்சும்.

ஸ்பெஷலைஸ்ட் இந்த மூன்று உயரங்களுக்கும் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் வைத்திருக்கிறது. சிவப்பு தாழ்ந்தது, பச்சை உயர்ந்தது. ஜிரோ தன் உயர்விலை ஷூக்களோடு தந்த சூப்பர்நேச்சுரல் இன்சோலில், வளைவுத் துண்டுகளை அடியிலிருந்து கழற்றி மாற்றிக்கொள்ளலாம். உயரம் நிச்சயமாகத் தெரியாதவர்களுக்கு இந்த மாற்று வகையே மலிவான வழி, ஏனென்றால் மூன்று இன்சோல் வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை. இடது வலது கால்களுக்கு வெவ்வேறு உயரம் போடுவதிலும் தவறில்லை.

உயரம் சரியாக இருந்தும் உறுத்தினால் நீளத்தைச் சந்தேகியுங்கள். குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரை அளவெடுங்கள். ஒரே ஷூ சைஸ் உள்ள இருவருக்கு இந்த அளவு வேறாக இருக்கலாம். விரல் நீளமானவருக்கு வளைவு குட்டையாக இருக்கும். இன்சோல் சைஸை இந்த அளவை வைத்தே எடுக்க வேண்டும். விரல் பக்கம் கூடுதலாக இருந்தால் கத்தரித்துக்கொள்ளலாம். வளைவின் இடத்தைக் கத்தரித்து மாற்ற முடியாது.

முழங்கால் உள்ளே சாய்கிறது, உட்பக்கம் வலிக்கிறது

ட்ரெய்னரில் (வண்டியை நிறுத்தி ஒரே இடத்தில் மிதிக்க உதவும் தாங்கி) வண்டியைப் பூட்டி, முன் சக்கரத்துக்கு நேர் எதிரே கைபேசியை முழங்கால் உயரத்தில் வைத்து இரண்டு நிமிடம் படமெடுங்கள். மிதித்து இறக்கும்போது முழங்கால் மேல்குழாயை நோக்கி வளைந்து போனால், பாதம் சுமையில் உட்புறமாகச் சரிகிறது என்று சந்தேகிக்கலாம். நடுத்தர வளைவுள்ள இன்சோலைப் போட்டு அதே படத்தை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். பாதை நேரானால் சரி.

ஓரளவே நேரானால் அடுத்த கருவி ஆப்பு. ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் வைக்கும் ஆப்பு உண்டு, ஷூவுக்கு வெளியே க்ளீட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் வைக்கும் ஆப்பும் உண்டு. பாரம் இறங்குவது முன்பாதத்தில் என்பதால் க்ளீட் ஆப்பே நேரடியாக வேலை செய்யும். ஒன்று வைத்துச் சில சவாரிகள் ஓட்டிய பிறகே அடுத்தது. இன்சோலையும் ஆப்பையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

புது இன்சோல் பாதத்தின் கோணத்தை மாற்றும் என்பதால் க்ளீட்டின் திருப்பத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். ஷிமானோவின் மஞ்சள் க்ளீட்டில் 6 டிகிரி அசைவு உண்டு, நீலத்தில் 2, சிவப்பில் அறவே இல்லை. இன்சோல் பரிசோதிக்கும் காலத்தில் மஞ்சளே பாதுகாப்பு. சிவப்பு க்ளீட்டோடு இந்த வேலையில் இறங்காதீர்கள். முழங்காலின் வெளிப்பக்கம் வலித்தால் அது பெரும்பாலும் க்ளீட் கோணம், சீட் உயரம் சம்பந்தப்பட்டது. அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

புது இன்சோல் போட்டதும் குதிகால் மேலெழும்புகிறது

ஷூவின் பின்கிண்ணத்தில் குதிகால் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு பிடிப்பு. ஓட்டப்பந்தய ஷூவுக்கான இன்சோலின் குதிகால் பகுதி தடிமனானது; அதை இங்கே போட்டால் குதிகால் கிண்ணத்துக்கு வெளியே வந்துவிடும். பழைய இன்சோலை எடுக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்தவர்களுக்கும் இதே கதி. அதை முதலில் சோதியுங்கள், வியக்கத்தக்க அளவு அடிக்கடி காரணம் அதுவாகவே இருக்கும்.

காலின் மேல்பகுதி மரக்கிறது, விரல் நகம் மேலே இடிக்கிறது

இடப் பற்றாக்குறை. பழைய இன்சோலின் முன்பாதத் தடிமனை வெர்னியர் காலிப்பரில் அளந்து, புதியது அதைவிட 1 மி.மீ.க்கு மேல் தடிக்காமல் பாருங்கள். தாங்கல் முழுவதும் வளைவிலும் குதிகாலிலும் இருந்து, முன்பாதம் காகிதம்போல் மெலிந்து முடியும் இன்சோலே சைக்கிளுக்கு நல்லது. தடித்த சாக்ஸை மெல்லியதாக மாற்றினாலும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

தடிமன் கூடிய இன்சோல் வேறொன்றையும் மாற்றுகிறது. முன்பாதத்தின் கீழ் 2 மி.மீ. கூடினால் பாதம் பெடலிலிருந்து 2 மி.மீ. உயர்ந்துவிடும், சீட் அந்த அளவு தாழ்ந்ததாகவே கால் உணரும். சீட்டை அதே 2 மி.மீ. ஏற்றுங்கள்.

ஒரு காலில் மட்டும் தொல்லை

இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது அரிது. சற்றுப் பெரிய காலுக்கு ஷூ வாங்கி, சிறிய காலின் ஷூவை இன்சோலால் நிரப்புங்கள். கால்களின் நீளமே வேறுபட்டால், அதை ஷூவுக்குள் தடித்த இன்சோல் வைத்து ஈடுகட்ட வேண்டாம். க்ளீட்டுக்கு அடியில் தகடு வைப்பதே முறை. தகடு வைத்தால் அதற்கேற்ற நீளமான போல்ட்டும் வேண்டும். பழைய போல்ட்டிலேயே முடுக்கினால் இழை போதாமல் பிய்ந்துகொண்டு வரும்.

கீச்சென்ற சத்தம், இன்சோல் நழுவுதல்

கார்பன் தட்டின் மேல் பிளாஸ்டிக் அடிப்பாகம் உரசும் சத்தம். உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் நிற்கும். நழுவினால் குதிகால் பக்கம் இருபுறப் பசை டேப் ஒரு துண்டு போதும்; முன்னே ஒட்டினால் அந்தத் தடிப்பு காலுக்குத் தெரியும்.

வெட்டுவதும் பழக்குவதும்

பழைய இன்சோலைப் புதியதன்மேல் குதிகாலும் குதிகாலும் பொருந்த வைத்து, விரல் பக்கத்தை மட்டும் வரையுங்கள். முனையைப் பார்த்துப் பொருத்தாதீர்கள். கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்டி, ஷூவில் போட்டுப் பார்த்து, மிச்சத்தைச் சிறுகச் சிறுகக் குறையுங்கள். விளிம்பு சுவரில் முட்டி மேலே வளைந்தால் இன்னும் நீளம். சுவருக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அதிகம் வெட்டியாயிற்று, சவாரியில் முன்னும் பின்னும் ஓடும். சூடாக்கி வடிவம் தரும் வகையானால் தயாரிப்பாளரின் தாளில் உள்ள வெப்பமும் நேரமும் மட்டுமே கணக்கு. சூடான இன்சோலில் நிற்பதைவிட, உட்கார்ந்து முழங்கால் செங்குத்தாக இருக்க மெதுவாக அழுத்துவது மேல், ஏனென்றால் நின்றால் வளைவு சரிந்த வடிவமே அச்சாகிவிடும்.

முதல் சவாரி 30 முதல் 45 நிமிடம் இருக்கட்டும்; ட்ரெய்னரில் என்றால் உடனே நிறுத்தலாம். வளைவில் மெல்லிய தொடுகை தெரிவது இயல்பு. தள்ளுவதுபோல் தெரியக் கூடாது. இரண்டாவது வாரம் இரண்டு மணி நேரம். நீண்ட ப்ரெவேக்கு முந்தைய நாள் புது இன்சோல் போடுவதை எக்காரணத்தாலும் செய்யாதீர்கள்.

இன்சோலுக்கு அப்பாற்பட்டவை

சைக்கிளை விட்டு இறங்கி மணிக்கணக்காகியும் மரப்பு போகவில்லை, காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் குத்துகிறது, வீக்கமோ நிறமாற்றமோ இருக்கிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்தப் புது இன்சோலையும் மருத்துவரிடம் காட்டிவிட்டே போட வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் இன்சோல் விளிம்பு புண் உண்டாக்கினாலும் வலி தெரியாது. ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் பாதத்தின் அடியை வெளிச்சத்தில், தேவையானால் கண்ணாடி வைத்து, பார்க்க வேண்டும்.

பராமரிப்பு

சவாரி முடிந்ததும் இன்சோலை வெளியே எடுத்து நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். உச்சிவெயிலில் போட்டால் ஃபோம் சுருங்கும், பசை விடும். மழையில் நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள். வளைவுப் பகுதியை மாதம் ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய குழி திரும்ப எழாவிட்டாலோ, பழைய எரிச்சல் மெதுவாகத் திரும்பி வந்தாலோ அது மாற்ற வேண்டிய நேரம். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், தேய்ந்ததும் புதியதும் ஒரே உயரத்தில் நிற்காது.